மனையும் மழையும் – 9: பெய்த நீருக்கு யார் பொறுப்பு?

கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முதுகில் அமைந்து, பெரிய நதி எதுவும் ஊடே ஓடாத பெங்களூர் நகரத்தில், 2022 செப்டம்பர் 4, 5 தேதிகளில் 24 மணி நேரத்துக்குள் 130 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, பெல்லந்தூர், ஏமலூர், சர்ஜாபூர் சாலை ஆகிய பகுதிகளின் குடியிருப்புகளிலிருந்து ஜனங்களைப் படகிலும் டிராக்டரிலும் ஏற்றி வெளியே கொண்டுவர நேர்ந்தது. மண்டியா ஜில்லாவிலுள்ள நீரேற்று நிலையத்துக்குள்ளும் வெள்ளம் புகுந்ததால், காவிரிக் குடிநீரும் நகரின் பல பாகங்களில் நின்றுபோயிற்று. வீட்டையும் வாகனத்தையும் இழந்தவர்கள் அப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: இந்த நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?

இக்கேள்விக்கு நம் பக்கத்து நியாய ஸ்தலங்களில் விடை தேடிய வழக்கு ஒன்று உண்டு. பழைய சென்னை ராஜதானியில், கார்வேட்டிநகரம் ஜமீன்தாருக்குச் சொந்தமான ஏரிகள் பெருமழையில் உடைப்பெடுத்து, மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பாதைக்குச் சேதம் விளைவித்தன. அதற்குச் சில வருஷங்கள் முன்பு, 1868-இல், ஒரு மில் முதலாளி கட்டிய நீர்த்தேக்கம் உடைந்து பக்கத்துச் சுரங்கத்தை மூழ்கடித்த வழக்கில், தன் நிலத்தில் நீரைத் தேக்கி வைத்தவன், அஜாக்கிரதை இல்லாவிடினும், அது வெளியேறி விளைக்கும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்று இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்திருந்தது. ரயில்வே கம்பெனி அந்தத் தீர்ப்பையே ஆதாரமாகப் பற்றிக்கொண்டு வாதாடியது. ஆனால் 1874-இல், அக்காலத்தின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கௌன்சில், இந்நாட்டில் ஏரிகள் தொன்றுதொட்டு வேளாண்மைக்கு உயிர்நாடியாக இருந்து வருபவை, அவற்றைப் பராமரிப்பது ஜமீன்தாருக்கு விருப்பம்போல் கைவிட முடியாத கடமை என்பதை எடுத்துக்காட்டி, அஜாக்கிரதை நிரூபிக்கப்பட்டாலொழிய அவர் பொறுப்பாளி அல்லர் என்று முடிவு செய்தது.

நூற்றைம்பது ஆண்டுகள் ஆகியும் நம் கேள்விக்கு இதுவே திறவுகோல் என்று நான் கருதுகிறேன். வானம் எவ்வளவு பெய்தது என்பதோடு சட்டம் நின்றுவிடுவதில்லை. கரை உறுதியாக இருந்ததா, உபரி நீர் போக வழி இருந்ததா, மனிதன் செய்ய வேண்டியதைச் செய்தானா என்றும் அது கேட்கிறது. பனி கொட்டும் கனடாவின் ஒண்டேரியோ மாகாணத்தில் நம்மவர்கள் விடியற்காலையில் வாசல் பனியை வாரிக் கொட்டுவதற்கும் இதுவே காரணம். வழுக்கி விழுந்தவர் 60 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்தே நஷ்டஈடு கோர வேண்டும் என்ற விதி 2021 ஜனவரியிலிருந்து அங்கே அமலில் இருக்கிறது.

பெங்களூரில் நீர் போகும் வழிக்கு ராஜகாலுவே என்று பெயர். ஓர் ஏரி நிரம்பினால் அடுத்த ஏரிக்கு என்று சங்கிலியாகக் கோக்கப்பட்ட இக்கால்வாய்கள் வழியே, பெல்லந்தூர் ஏரியின் உபரி வர்த்தூருக்கும், அங்கிருந்து தென்பெண்ணைக்கும், கடைசியில் நம் ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணைக்கும் போய்ச் சேருகிறது. இக்கால்வாய்களின் ஓரத்தில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதில், 2016-இல் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த கடுமையான அளவுகளை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டபடியால், ‘மாஸ்டர் பிளான் 2015’-இன்படி ஏரிக்கு 30 மீட்டர், கால்வாய்க்கு அதன் தரத்துக்கேற்ப நடுவிலிருந்து 50, 25 அல்லது 15 மீட்டர் என்ற கணக்கே மிஞ்சியது. மனை வாங்குவோர் கிரயப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் புரட்டிப் பார்ப்பதோடு திருப்தியடையாமல், பழைய கிராம வரைபடத்தில் அந்த சர்வே எண்ணின் வழியே காலுவே கோடு ஓடுகிறதா என்று அவசியம் பார்க்க வேண்டும்.

இன்ஷூரன்ஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் தர வேண்டிய பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் வெள்ளமும் புயலும் அடங்கும். கட்டடத்துக்குக் காப்பீடு செய்த தொகையில் 20 சதவீதம், 10 லட்சத்துக்கு மேற்படாமல், உள்ளிருக்கும் சாமான்களுக்கும் தானாகவே கிடைக்கும். வாகனத்துக்கோ, மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசாவும் வராது. முழுப் பாலிசி இருந்தும், நீரில் நின்ற காரைச் சாவி போட்டுக் கிளப்பிப் பார்த்ததால் எஞ்சின் உடைந்துபோனால், அது உரிமையாளரே வருவித்துக்கொண்ட சேதமென்று கம்பெனி மறுக்க இடமுண்டு. எஞ்சினுக்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தாலன்றி அந்தச் செலவு நம் தலையில்தான் விழும்.

வெள்ளம் வடிந்ததும் மெயின் சுவிட்சு அணைந்திருக்கிறதா என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே வீட்டுக்குள் கால் வைக்க வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் சேற்றுக் கோட்டைக் கழுவுமுன், அதன் மீது அளவு நாடாவைத் தரையிலிருந்து நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நீர் எவ்வளவு ஏறிற்று என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. ஊறி உப்பிய கட்டிலையும் மெத்தையையும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் வரை ஒதுக்குப்புறமாக வைத்திருங்கள். சாக்கடை கலந்த சம்ப்பை இறைத்துத் தேய்த்துக் கழுவாமல் அதன் நீரைப் பாத்திரம் துலக்கவும் எடுக்கலாகாது.

அடுக்குமாடிச் சங்கத்தாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேட்டு நிலத்தில் விழுந்து தன்னியல்பாக இறங்கிவரும் நீரைப் பள்ளத்திலிருப்பவர் ஏற்றுத்தான் தீர வேண்டும் என்பது 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டத்தின் விதி. ஆனால் அடித்தளத்து நிறுத்துமிடத்தில் தேங்கிய நீரை மோட்டார் வைத்து உறிஞ்சி, குழாயைச் சுற்றுச்சுவருக்கு மேலாக வெளியே நீட்டி, பக்கத்துச் சந்திலுள்ள ஓட்டு வீட்டின் வாசலில் விடுவது இயல்பான ஓட்டம் ஆகாது; அந்த வீட்டுக்காரர் வழக்கு மன்றத்துக்குப் போனால், மழையைக் காரணம் காட்டிச் சங்கம் தப்பிப்பது கடினம். ஆகையால் பம்பு வாங்கும்போதே, அந்த நீர் மாநகராட்சிக் கால்வாயில் போய் விழும்படி குழாய் போடுவதற்கான செலவையும் சங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்துவிட வேண்டும்.