தாத்தா மேல கேஸ் இருந்துச்சாமே?

"உங்க கொள்ளுத்தாத்தா மேல ஒரு கேஸ் இருந்துச்சு, பேப்பர்லகூட வந்துச்சு." விழுப்புரம், திண்டிவனம் பக்கம் பூர்வீகமா இருக்கிற சில வீடுகள்ல இப்படி ஒரு பேச்சு வரும். உடனே யாராவது "அதெல்லாம் இப்ப எதுக்கு?"ன்னு நிறுத்திடுவாங்க. அந்தச் செய்தியை எப்படித் தேடுறது, கிடைச்சா எப்படிப் படிக்கிறதுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

முதல்ல ஊர்ப் பெயர். "விழுப்புரம் மாவட்டம்"னு தேடினா பழசு எதுவும் சிக்காது. அந்த மாவட்டம் உருவானதே 1993-லதான். அதுக்கு முன்னாடி ரெண்டு ஊரும் தென்னாற்காடு மாவட்டம், தலைநகரம் கடலூர். கொலை வழக்கை விசாரிக்கிற செஷன்ஸ் கோர்ட்டும் அங்கதான். அதனால திண்டிவனத்துல நடந்த சம்பவம் கடலூர்ச் செய்தியா வந்திருக்கலாம். ஆள் பெயரோட அப்பா பெயர், சாதிப் பெயர், கிராமத்துப் பெயர் எல்லாத்தையும் சேர்த்துத் தேடுங்க.

'தி இந்து' 1878-லயும் 'சுதேசமித்திரன்' 1882-லயும் தொடங்கின பத்திரிகைகள். பழைய இதழ்களுக்குச் சென்னையில எழும்பூர் ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ரெண்டுலயும் விசாரிக்கலாம். போறதுக்கு முன்னாடி, சம்பவம் நடந்த வருஷத்தைத் தோராயமாவாவது வீட்டுல கேட்டு வச்சுக்குங்க. "அத்தை பிறந்த வருஷம்", "பெரிய புயலுக்கு அடுத்த வருஷம்"னு சொன்னாலே தேடுற வேலை பாதியா குறையும்.

செய்தி கிடைச்சிடுச்சு, தாத்தா பெயரும் இருக்கு. உடனே முடிவுக்கு வந்துடாதீங்க. "கைது"ன்னு வந்தா அது போலீஸ் சொன்ன கதை மட்டும்தான். பிறகு விடுதலை ஆகியிருந்தா, அது பேப்பர்ல வராமலே போயிருக்கலாம். அப்பீல் போன வழக்கா இருந்தா, சென்னை உயர் நீதிமன்றத்தோட பழைய தீர்ப்புகளை இந்தியன் கானூன் தளத்துல இலவசமா தேடலாம்.

அந்தக் காலத்துச் சட்டத்தையும் பார்க்கணும். 1930-ல உப்பு எடுத்ததுக்கும் கைது உண்டு. 1911-ல சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சில சமூகங்கள்ல பிறந்தவங்களையே குற்றவாளிகளா பதிவு செஞ்சது. ராத்திரி ஊர்ல இல்லைன்னாலே கேஸ். தென்னாற்காட்டுலயே அஜீஸ் நகர்னு ஒரு செட்டில்மென்ட் இருந்தது. நாடு முழுக்க இந்தச் சட்டம் நீங்கினது 1952-ல. அப்போ "பழைய கேடி"ன்னு அச்சான ஒருத்தர் உண்மையில என்ன செஞ்சார்? செய்தியை மட்டும் வச்சுச் சொல்ல முடியாது.

ஒருவேளை தாத்தா நிஜமாவே குற்றம் செஞ்சிருந்தா? பாதிக்கப்பட்டவரோட பேரப்பிள்ளைங்க இன்னும் அதே ஊர்ல இருக்கலாம். ஃபேமிலி குரூப்ல போட்டோ எடுத்துப் போடுறதுக்கு முன்னாடி, வீட்டுப் பெரியவங்ககிட்ட உட்கார்ந்து ஒரு தடவை பேசிடுங்க. அவங்க இத்தனை நாள் ஏன் பேசலைங்கிறதும் உங்க குடும்ப வரலாறுதான்.