பழைய துப்பாக்கியும் புதிய தோட்டாவும்

மேலூர், அழகர்மலை அடிவாரப் பக்கங்களில் நமது அங்கத்தினர் சிலரிடம் பாட்டனார் காலத்து இங்கிலாந்து இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்னும் உள்ளன. தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து மீட்டு வருகிறார்கள். ஆனால் குழலின் அடியிலுள்ள முத்திரையைப் படித்தவர் அரியர். அக்காலத்து 12 போர் துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 2½ அங்குலமே; சுமார் 65 மில்லிமீட்டர். இக்காலத் தோட்டாக்களில் பல 70 மில்லிமீட்டர்.

நீளமான தோட்டா உள்ளே போகாதே என்பீர்கள். போய்விடும், ஆபத்தே அதுதான். பெட்டியில் அச்சிட்டிருப்பது, வெடித்து வாய் விரிந்த பின் உள்ள நீளம். வெடிக்குமுன் நுனி மடிந்திருப்பதால் குட்டை அறையிலும் அது அடங்கிவிடுகிறது, துப்பாக்கியும் மூடிக்கொள்கிறது. சுடும்போது அம்மடிப்பு, குழல் குறுகுமிடத்தில் விரிந்து ரவைகளின் வழியை நெருக்குகிறது, உள்ளழுத்தம் ஏறுகிறது. குழல் அன்றே வெடிக்கவேண்டுமென்பதில்லை. நாளடைவில் பூட்டு தளரும், கட்டை விரிசல் காணும். இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாயின் இன்னும் அஞ்சத்தக்கது.

65 மில்லிமீட்டர் என்று அச்சிட்ட, மிதமான மருந்துள்ள தோட்டாவையே கேட்டு வாங்கவேண்டும். அறையைக் கடைந்து நீட்டலாமென்பாரும் உளர். அங்கே குழற்சுவர் மெலியும். மறுபடியும் சோதனை முத்திரை பெறவேண்டும். நாம் அதற்கு உடன்படோம். முத்திரை தேய்ந்திருந்தால், உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழிலாளி அறையை அளந்து சொல்லும்வரை சுடாதிருக்கவேண்டும்.