வெண்வாற் கலையும் அதன் மண்கீறலும்

விலங்குகட்கு மொழியில்லை என்பது உலகோர் கூற்று. எனினும் தம் வரவையும் வலியையும் வேட்கையையும் தம் இனத்திற்கு உணர்த்தும் வாயில் அவற்றிற்கு இல்லாமற் போகவில்லை. வட அமெரிக்கக் காடுகளில் வாழும் வெண்வால் மான் மண்ணைக் கீறியும் மரக்கிளையை மோந்தும் தன் செய்தியை விடுத்துச் செல்கின்றது. அச்செய்தியின் இயல்பினை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

மானினத்தின் ஆணைக் கலையென்றும், பெண்ணைப் பிணையென்றும், இளமையை மறியென்றும் கூறுதல் தொல்காப்பிய மரபியல் காட்டும் வழக்கு. அதனையே யாமும் மேற்கொள்வோம். வெண்வால் மான் கனடாவின் தென்பகுதி முதலாகத் தென் அமெரிக்காவின் வடபகுதி ஈறாகப் பரவியுள்ளது. அச்சமுற்று ஓடுங்கால் வாலை உயர்த்தி அதன் அடிப்புறத்து வெண்மையைக் காட்டுதலின் இப்பெயர் பெற்றது. நம் நாட்டு இரலையின் கொம்பு உதிராது நிலைப்பது. வெண்வாற் கலையின் கொம்போ ஆண்டுதோறும் முளைத்து ஆண்டுதோறும் உதிர்வது.

கோடையில் மென்மயிர்த் தோல் போர்த்து வளரும் அக்கொம்பு, செப்டம்பர்த் திங்களளவில் தோலுரிந்து முற்றுகின்றது. பகற்பொழுது குறையக் குறைய, கலையின் உடலில் ஆண்மைக்குரிய சுரப்பு நீர் மிகுகின்றது, கழுத்துப் பருக்கின்றது. குளிர் வந்தமையாலேயே கூடற்பருவம் வருமென வேட்டுவர் பலர் கருதுவர். அது பொருந்தாது, ஒளியின் அளவே இப்பருவத்தைத் தொடக்கி வைப்பது. வட பகுதிகளில் நவம்பர் இடையில் அஃது உச்சமடையும். பிணை ஏறக்குறைய 200 நாள் சூல் தாங்குமாதலின், பசும்புல் செழிக்கும் மே, ஜூன் திங்கள்களில் மறிகள் பிறக்கின்றன. முன்பிறப்பின் குளிரும், பின்பிறப்பின் அடுத்த பனிக்கு முன் வளர்ச்சி நிரம்பாமையும் மறிகளுக்குக் கேடாம். ஆதலின் இக்காலவரையறை உயிர்நிலைபற்றியதாகும்.

இப்பருவத்தில் கலை இருவகை அடையாளங்களை இடுகின்றது. ஒன்று, இளமரங்களிற் கொம்பையும் நெற்றியையும் உரைத்துப் பட்டையை உரித்தல். நெற்றித் தோலிலுள்ள சுரப்பிகளின் மணம் அம்மரத்திற் படிகின்றது. மற்றொன்று மண்கீறல். இதற்குத் தாழ்ந்து தொங்கும் ஒரு கிளை வேண்டும். கலை முதலில் அக்கிளையின் நுனியை வாயாற் கவ்வி, முகத்தையும் நெற்றியையும் அதில் தேய்க்கும். பின்னர் முன்குளம்பால் சருகுகளை விலக்கித் தரையைக் கீறி வெறுமண்ணாக்கும். இறுதியில் பின்கால்களை நெருக்கி நின்று, அவற்றின் உட்புறத்து மயிர்க்கற்றைகளின் வழியே சிறுநீரை அம்மண்ணில் ஒழுகவிடும். முதிர்ந்த கலைகள் இதனை முன்னதாகவே தொடங்கும், மிகுதியாகவும் செய்யும்.

இதனை ஒரு கலை தன் நிலத்திற்கு இட்ட எல்லைக்குறி யென்றே யாமும் முதலிற் கருதினோம். ஆராய்ச்சியாளர் தானே இயங்கும் ஒளிப்படக் கருவிகளை அவ்விடங்களில் வைத்து நோக்கியபோது வேறோர் உண்மை புலனாயிற்று. ஒரே கீறலுக்குக் கலைகள் பல வருகின்றன, பிணைகளும் வருகின்றன. அவ்வரவும் பெரும்பாலும் இரவிலேயே நிகழ்கின்றது. எனவே இஃது ஒருவர் வேலியன்று. பலரும் வந்து செய்தி அறிந்து போகும் ஊர்மன்றம் போல்வது எனலாம். மேலும், கீறல் மிகுவது கூடல் உச்சமடைவதற்குச் சற்று முன்னரேயாம். பிணைகள் பக்குவமெய்தத் தொடங்கியதும் கலைகள் கீறலை விடுத்து அவற்றைப் பின்தொடர்கின்றன. ஒரு பிணையின் பக்குவம் ஏறத்தாழ ஒருநாளே நீடிக்கும்; அது தவறிற் சுமார் நான்கு வாரங்கழித்தே மீளும். அதனாற் கலை உணவையும் மறந்து அலைந்து, உடலெடையில் ஐந்திலொரு பங்கினையும் இழப்பதுண்டு. சிலபோது பொருங் கலைகளிரண்டின் கொம்புகள் பிணிப்புண்டு, விடுபட மாட்டாது இரண்டும் மடியும். பிணையைத் துரத்திச் சாலையிற் பாய்ந்து ஊர்திகளில் மோதுண்பனவும் நவம்பரில் மிகுதி.

இவற்றினும் கொடியதொன்று உண்டு. 1967-இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடை முதலில் அறியப்பட்ட உருக்குநோய், 2002-இல் விஸ்கான்சின் காட்டு வெண்வால் மான்களிடமும் கண்டறியப்பட்டது. மூளையைச் சிதைக்கும் அந்நோய்க்கு மருந்தில்லை. நோய்க்கூறு உமிழ்நீரிலும் சிறுநீரிலும் வெளிப்படும்; மண்ணில் நெடுநாள் அழியாது கிடக்கும். பல மான்கள் ஒரு கிளையையே கவ்வி, ஒரு மண்ணையே மோக்குமிடம் நோய் பரவும் வாயிலாகலாம் என்று அறிஞர் அஞ்சுதல் இயல்பே. இனம் பெருகுதற்கு அமைந்த மன்றமே இனம் தேய்தற்கும் இடமாதல் இரங்கத்தக்கது.

மண்ணிற் கிடக்கும் ஒரு கீறலைக் கண்டு, இஃது இன்னதென விரைந்து துணிவது எளிது. ஆயின் எல்லைக்குறி யென்று யாம் கொண்டது பலர் கூடும் மன்றமாயிற்று. இரவெல்லாம் விழித்திருந்து நோக்கிய கருவியே நம் பிழையைத் திருத்திற்று. பொறுத்திருந்து நோக்குதல் கல்விக்கு உறுப்பென்பதனை இம்மானினிடத்தும் யாம் கற்றுக்கொண்டோம்.