இழந்த பல்லும் இயற்றிய பல்லும்

பல் உண்பதற்கு மட்டும் அமைந்த உறுப்பன்று, சொல்லுதற்கும் அமைந்ததாகும். தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலி தோன்றுதற்குரிய இடங்கள் எட்டினை எண்ணுமிடத்துப் பல்லையும் அவற்றுள் ஒன்றாக வைத்தது. நாநுனி பரந்து மேற்பல்லின் அடியைப் பொருந்தத் தகரமும் நகரமும் பிறக்கும் என்பதும், பல்லும் இதழும் இயைய வகரம் பிறக்கும் என்பதும் அந்நூலாசிரியர் கண்ட உண்மைகள். முன்வாய்ப் பற்களை இழந்த முதியவர் ஒருவர் 'தம்பி, வா' என்று பேரனை அழைப்பாராயின், அவ்விரு சொற்களின் முதலெழுத்துக்களே முதலிற் சிதைகின்றன. 'பல் போனால் சொல் போச்சு' என்று நம் முன்னோர் கூறியது வெறும் எதுகை நயம் கருதியன்று; அதனுள் ஒலியியல் உண்மையும் பொதிந்து கிடக்கின்றது.

கல்முனைக்குத் தெற்கேயுள்ள காரைதீவிலிருந்து மேற்கே சம்மாந்துறை நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், நெல்வயல்களின் நடுவே அமைந்த சிற்றூர் மாவடிப்பள்ளி. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம் மக்கள் வாழும் ஊர் அது. இக்கரையோர ஊர்களின் விருந்துகளில் ஒரே சகனைச் சுற்றிப் பலர் அமர்ந்து, ஒரு கலத்தில் ஒன்றாக உண்ணும் வழக்கம் உண்டு. உறவையும் சமத்துவத்தையும் வளர்க்கும் நல்வழக்கம் இது. ஆயினும், பல் இழந்தவர்க்கு அவ்விருந்தே சோதனையாகிவிடுகின்றது. இறைச்சியை மெல்ல அவரால் இயலாது. மற்றவர்கள் உண்டு முடிக்கும்போது அவர் பாதியே உண்டிருப்பார். சிலமுறை நாணிய பின்னர், 'பசியில்லை' என்று கூறி ஒதுங்கிக்கொள்வார். பல் இழப்பினால் வரும் கேடு வயிற்றோடு நிற்பதில்லை. அது மனிதனை அவையினின்றும் மெல்லப் பிரித்துவிடுகின்றது. ஆதலின், இழந்த பல்லுக்கு மாற்று யாது என்னும் வினா அழகு பற்றியதன்று, வாழ்வு பற்றியது.

பல் விழுதல் முதுமையின் இயல்பு என்றே பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதை இலங்கையிலேயே நிகழ்ந்த ஆராய்ச்சியொன்று உலகுக்குக் காட்டிற்று. 1970 ஆம் ஆண்டில் நோர்வே நாட்டறிஞர் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய துணைவர்களும் நம் நாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழ்த் தொழிலாளர் 480 பேரின் வாயைச் சோதித்து, பின்னர் 1985 வரை இடையிடையே அவர்களைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். அத்தொழிலாளர்க்குப் பற்சூத்தை பெரும்பாலும் இல்லை. பல் துலக்கும் முறையான பழக்கமும் இல்லை. பல் வைத்தியமும் கிட்டவில்லை. எனவே முரசு நோய் தன் போக்கில் எங்ஙனம் வளரும் என்பதை அவர்களிடத்துத் தெளிவாகக் காண முடிந்தது. 1986 இல் வெளியான முடிவு இது: நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து பெருகியது, அவர்கள் 45 வயதளவிற் பற்கள் அனைத்தையும் இழந்தனர். 81 பேருக்கு நடுத்தரமாக வளர்ந்தது; அவர்கள் அவ்வயதிற் சராசரி 7 பற்களை இழந்தனர். எஞ்சிய 11 பேருக்கு முரசின் மேற்புற அழற்சிக்கு மேல் நோய் வளரவில்லை. பல்லும் ஏறக்குறைய விழவில்லை.

இதனால் அறியக்கிடப்பது யாது? பல்லை வீழ்த்துவது வயதன்று, நோயே. பல்லின்மேற் படியும் நுண்ணுயிர்ப் படலம் முரசை அழற்றி, பல்லைத் தாங்கும் என்பை மெல்ல மெல்ல அரிக்கின்றது. நம் கரையோரத்தில் இதனோடு வெற்றிலைப் பழக்கமும் சேர்ந்து கொள்கின்றது. வீட்டுக்கு வந்தவரை வெற்றிலை வட்டா வைத்து வரவேற்றல் கிழக்கிலங்கையில் தமிழர்க்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான பண்பாடு. பண்பாட்டைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் பாக்கும் புகையிலையும் வாயிற் புற்றுநோயை விளைப்பன என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்றும் ஒன்றாகும்.

இனி, இழந்த பல்லுக்கு மாற்று அமைக்கும் முயற்சி மிகப் பழமையானது. சுசுருத சங்கிதை வாய்நோய்களை 65 எனக் கணக்கிட்டு, அவற்றுள் 15 ஐப் பல்லடிக்கும் 8 ஐப் பல்லுக்கும் உரியனவாக வகுத்தது. இத்தாலியில் வாழ்ந்த எத்துருஸ்கர் என்னும் பண்டை மக்கள், கிறித்துவுக்கு முன்பே பொற்பட்டையினால் மாற்றுப் பல்லை அயற்பற்களோடு பிணைத்தனர். பத்தாம் நூற்றாண்டிற் கொர்தோவா நகரின் அருகே வாழ்ந்த முஸ்லிம் அறுவை வைத்தியரான அல் சஹ்ராவி, ஆடும் பற்களைப் பொற்கம்பியாற் கட்டும் முறையையும், மாட்டென்பிற் பல் செதுக்கி இழந்த பல்லின் இடத்தில் வைக்கும் முறையையும் தம் நூலில் விளக்கினார். சப்பானியர் மரத்திலே முழுப் பற்றொகுதியைச் செதுக்கினர்; 1538 இல் மறைந்த பௌத்தத் துறவியம்மையார் ஒருவர் அணிந்த தொகுதி இன்றும் பேணப்படுகின்றது.

ஐரோப்பாவில் நிகழ்ந்தவை இத்துணை இனியன அல்ல. அமெரிக்காவின் முதற் சனாதிபதி ஜோர்ஜ் வாஷிங்டன் 1789 இற் பதவியேற்றபோது அவருக்கு எஞ்சியிருந்தது ஒரே பல். அவர் அணிந்தவை மரப்பற்கள் என்பது கட்டுக்கதை. யானைத் தந்தம், நீர்யானைத் தந்தம், விலங்கின் பல், மனிதப் பல் என்பவற்றாலும் ஈயத்தாலும் ஆனவை அவை. 1815 இல் நிகழ்ந்த வாட்டர்லூப் போரின் பின், களத்தில் இறந்துபட்ட வீரரின் பற்களைப் பிடுங்கி விற்றனர். அவை 'வாட்டர்லூப் பற்கள்' எனப் பெயர் பெற்றன. செல்வரின் வாய்க்கு வறியோரின் பல் விலையான காலம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் பிரான்சில் தோன்றிய பீங்கான் பல் அக்கொடுமைக்கு முடிவு காணும் வழியைத் திறந்தது. சாள்ஸ் குட்இயர் கண்ட முறையைப் பின்பற்றிக் கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய இறப்பர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிற் பற்றொகுதியின் அடித்தட்டாகியது. பொன்னால் அமைத்த தட்டைச் செல்வரே அணிய இயலும். இறப்பர்த் தட்டோ எளியோர்க்கும் எட்டிற்று. 1930 களின் பிற்பகுதியில் அக்கிரிலிக் என்னும் செயற்கைப் பிசின் வந்தது. முரசின் நிறத்தை ஒத்த அப்பொருளே இன்றும் பெரும்பாலான பற்றொகுதிகளுக்கு அடிப்படையாய் உள்ளது.

'பல்லுக் கட்டுதல்' என்று நம் மக்கள் கூறுவதிற் பலவகை அடங்கும். பற்கள் யாவும் இழந்தவர்க்கு அமைப்பது முழுப் பற்றொகுதி. சில பற்கள் எஞ்சியிருப்பவர்க்கு அமைப்பது பகுதிப் பற்றொகுதி. இது எஞ்சிய பற்களைக் கொளுவிகளாற் பற்றி நிற்கும். இவ்விரண்டும் கழற்றி அணியத்தக்கன. இடைவெளியின் இருமருங்கும் உள்ள பற்களைத் தேய்த்து, அவற்றின்மேல் நிலையாகப் பொருத்துவது பாலம். தாடையென்பிலே தைத்தானியத் திருகாணியை ஊன்றி அதன்மேற் பல் அமைப்பது பதியம். சுவீடன் நாட்டறிஞர் பிரானிமார்க் என்பவர், தைத்தானியம் என்போடு பிரிக்கவியலாதவாறு ஒன்றிவிடும் இயல்பை 1950 களிற் கண்டு, 1965 இல் முதன்முறையாக நோயாளி ஒருவருக்கு இம்முறையைக் கையாண்டார்.

முழுப் பற்றொகுதி எதனால் வாயில் நிற்கின்றது? ஆணியுமில்லை, பசையுமில்லை. ஈரமான இரு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவற்றைப் பிரித்தல் அரிதன்றோ? அங்ஙனமே தட்டுக்கும் அண்ணத்துக்கும் இடையே உள்ள மெல்லிய உமிழ்நீர்ப் படலம் இரண்டையும் பிணைக்கின்றது. தட்டின் விளிம்பு மெல்லிழையத்தோடு நன்கு படிந்து காற்றுப் புகாது தடுக்குமாயின், வெளியேயுள்ள வளிமண்டல அமுக்கமும் துணை செய்கின்றது. மேற்றொகுதி அண்ணம் முழுவதையும் மூடுவதால் உறுதியாக நிற்கும். கீழ்த்தொகுதிக்கோ குதிரைலாட வடிவான ஒடுங்கிய மேடே ஆதாரம். அதன் பரப்பு மேற்றாடைப் பரப்பில் ஏறத்தாழப் பாதியே. அன்றியும் நா ஓயாது அசைந்து அதனைத் தள்ளுகின்றது. 'மேற்பல் நிற்கிறது, கீழ்ப்பல் ஆடுகிறது' என்று பலரும் முறையிடுவதன் காரணம் இதுவே. அது வைத்தியரின் பிழையாக இருத்தல் வேண்டுமென்பதில்லை. வாயின் அமைப்பே அத்தகையது.

இதனாலேயே அளவெடுக்கும் வினை நுட்பமானதாகின்றது. முதலில் வாயின் அச்சை எடுத்து, அதிலிருந்து சாந்தினால் வார்ப்பு அமைப்பர். அவ்வார்ப்பைக் கொண்டு அவருக்கே உரிய தட்டம் செய்து, மீண்டும் துல்லியமாக அச்செடுப்பர். பின்னர் மெழுகு வரம்பினால் இரு தாடைகளுக்கும் இடையிலான உயரத்தையும் கடியையும் குறிப்பர். மெழுகிலே பற்களை அடுக்கி வாயில் வைத்துப் பேசச் செய்து பார்ப்பர். யாவும் பொருந்திய பின்னரே மெழுகை நீக்கி அக்கிரிலிக்கை இட்டு, வெந்நீரில் வைத்து இறுகச் செய்வர். ஆதலின் பலமுறை சென்று வருதல் இன்றியமையாதது. ஒரே நாளிற் பல் கட்டித் தருவதாகக் கூறும் பயிற்சியற்றோரிடம் செல்வோர் இந்நுட்பங்கள் யாவற்றையும் இழக்கின்றனர். கழற்ற முடியாதவாறு அக்கிரிலிக்கைப் பூசி அயற்பற்களோடு ஒட்டிவிடும் வழக்கம் மிகத் தீயது. அதனடியில் அழுக்குத் தேங்கி, ஒரு பல்லுக்காகக் கட்டிய கட்டு நல்ல பற்கள் பலவற்றை வீழ்த்திவிடும். இலங்கை மருத்துவச் சபையிற் பதிவு பெற்ற பல் வைத்தியரை நாடுதலே அறிவுடைமை.

செயற்கைப் பல் இயற்கைப் பல்லுக்கு ஈடாகுமோ எனின், ஆகாது. முழுப் பற்றொகுதி அணிந்தவரின் கடிவிசை இயற்கைப் பல்லுடையோரின் கடிவிசையில் நாலில் ஒரு பங்கு அளவினதே. மேலும், பல் நீங்கிய தாடையென்பு நாளடைவிற் கரைந்து தாழும். முதலாண்டில் விரைவாகவும், பின்னர் மெதுவாக ஆயுள் முழுவதும் இது நிகழும். நெடுங்கால ஆராய்ச்சிகளின்படி கீழ்த்தாடை மேற்றாடையைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு தேய்கின்றது. ஆகவே ஒருமுறை பொருந்திய தொகுதி என்றும் பொருந்துவதில்லை. இடையிடையே அடித்தட்டைத் திருத்தியும், சில ஆண்டுகள் கழித்துப் புதிதாக அமைத்தும் கொள்ளல் வேண்டும். கீழ்த்தாடை வெறுமையானவர்க்கு இரு பதியங்களின்மேற் பற்றி நிற்கும் பற்றொகுதியே முதற்றெரிவாதல் தகும் என்று 2002 இற் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்திற் கூடிய அறிஞர் கருத்துரைத்தனர். அஃது உண்மையே, ஆனால் அதன் செலவு எளிய உழவர் குடும்பத்துக்கு எட்டுவதரிது. அத்தகையோர்க்குச் செம்மையாக அமைத்த அக்கிரிலிக் தொகுதியே இன்றும் பெருந்துணை.

இன்னொன்றும் கருதத்தக்கது. இழந்த பல் ஒவ்வொன்றுக்கும் மாற்று வேண்டுமென்பதில்லை. நன்னிலையிலுள்ள 20 பற்கள் எஞ்சியிருப்பின் பெரும்பாலோர்க்கு உண்ணல் இடர்ப்படாது. சப்பான் நாட்டில் 1989 இல் '80 வயதில் 20 பல்' என்னும் நோக்கோடு இயக்கமொன்று தொடங்கியமைக்கு இதுவே அடிப்படை. எனவே ஆடும் பல்லையெல்லாம் பிடுங்கிவிட்டுப் புதுத் தொகுதி வைத்துக்கொள்வோம் என்று விரைதல் தவறு. காக்கக்கூடிய ஒரு வேர்கூடத் தாடையென்பு தேயாமற் காக்கும் தூணாகும்.

அணிந்தோர் கைக்கொள்ளவேண்டிய ஒழுங்குகள் சில. இரவிற் கழற்றிக் குளிர்நீரில் இட்டுவைத்தல் வேண்டும். ஓயாது அணியின் பூஞ்சணம் பற்றி அண்ணம் சிவந்து புண்படும். வெந்நீரில் இடின் தட்டு வளையும். மென்மையான தூரிகையும் சவர்க்காரமும் கொண்டு உணவுக்குப்பின் கழுவுதல் நன்று. முதற்கிழமைகளில் மெல்லிய உணவைச் சிறு துண்டாக்கி இருபுறமும் மென்று பழகுதல் வேண்டும். பேச்சுத் தெளிய உரத்து வாசித்தல் நற்பயிற்சி. தட்டு உரசிப் புண்ணானால் வீட்டுக் கத்தியால் அராவாது வைத்தியரிடம் காட்டுக. இரண்டு மூன்று கிழமைகளில் ஆறாத எந்தப் புண்ணையும், வெண்படலத்தையும் பொருட்படுத்தாது விடுதல் உயிருக்கே ஊறு விளைக்கும். வெற்றிலை உண்போர்க்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு பொருந்தும்.

'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்றது தமிழர் வழக்கு. தொழுகைக்கு முன் வாய் கொப்பளித்தலும், மிஸ்வாக் குச்சியாற் பல் துலக்குதலும் முஸ்லிம்களின் வழக்கு. மாவடிப்பள்ளியிலும் அதன் அயலூர்களிலும் இவ்விரு மரபுகளும் அருகருகே வாழ்கின்றன. இரண்டும் கூறுவது ஒன்றே. அம்மரபுகளோடு புளோரைட்டுப் பற்பசையையும், ஆண்டுக்கொருமுறை வைத்தியரைக் காண்டலையும் சேர்த்துக்கொள்வார்க்குப் பொய்ப்பல்லின் தேவை பெரும்பாலும் எழாது. எழுந்தவிடத்து அதனை நாணுதற்குக் காரணமில்லை. நன்கு அமைந்த தொகுதியை அணிந்த முதியவர் மீண்டும் சகனின் அருகே அமர்வார். மீண்டும் 'தம்பி, வா' என்று திருத்தமாக அழைப்பார். இயற்கை தந்த பல்லைக் காப்பது முதற் கடமை. இழந்தபின் தக்கதொன்றை முறையாக இயற்றிக்கொள்வது அடுத்த கடமை.