தறித்த காடு தளிர்த்த கதை

நீர்வேலிச் செம்மண்ணில் வாழை வைத்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குலை வெட்டினால் தாய்மரம் போய்விடும். கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருக்கும்வரை குட்டி வந்துகொண்டே இருக்கும். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுப் போய்ப் பின்னர் திரும்பி வந்தவர்களிற் சிலர், வீடும் வேலியும் இல்லாத வளவிலே பற்றைக்குள் வாழை மட்டும் கூட்டமாய் நிற்பதைக் கண்டிருப்பார்கள்.

வாழை செய்யும் இந்த வேலையை ஒரு மலைக்காடு முழுவதிலும் செய்வித்த இடமொன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தில், பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தூரத்தில், ஆனைமலைத் தொடரில் உள்ள டொப்சிலிப்தான் அது. தமிழ்நாட்டில் டாப்சிலிப் என்று எழுதுவார்கள். அந்த மலையடிவாரத்து ஆழியாறு முகாமில் அகதிகளாக இருந்த எம்மவர்கள் அந்த மலையைத் தினமும் பார்த்திருப்பார்கள். அதன் கதை எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது.

பெயரே தொழிலின் பெயர்தான். மேலே தறித்த தேக்கங் குற்றிகளை மலைச்சரிவின் உச்சிக்கு யானைகள் இழுத்து வரும். அங்கிருந்து குற்றிகளைக் கீழே சறுக்கி விடுவார்கள். சறுக்கலின் உச்சி என்பதுதான் டொப்சிலிப். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே ஆங்கிலேயருக்கு இந்தத் தேக்கில் கண் இருந்தது. கப்பல் கட்ட அதைப்போல் மரம் இல்லை. உப்புத் தண்ணீரிலும் இலேசில் உக்காது. கறையானும் எளிதில் தொடாது. பம்பாய்க் கப்பல் கட்டுந் துறைக்கு ஆனைமலைத் தேக்கு போனது. பிறகு இரயில் வந்தது. சென்னை மாகாணத்தின் முதல் இரயில் 1856இல் ஓடியது. தண்டவாளத்துக்குக் கீழே போடும் குறுக்குக் கட்டைகளுக்கும் மலைமரமே கைகொடுத்தது. அதே 1856இல் சென்னை மாகாணத்துக்கு வனத்துறையும் ஏற்பட்டது. அதன் தலைவர் கிளெக்ஹோர்ன் என்ற வைத்தியர். மரம் முடிந்துபோகும் என்ற பயம் அரசாங்கத்துக்கு அப்போதே பிடித்துவிட்டது. ஆனாலும் தறிப்பு நிற்கவில்லை.

ஹியூகோ வூட் என்ற வன அதிகாரி (1870–1933) அங்கே பொறுப்புக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டின் முதற் காற்பகுதியில். மொட்டையாகிக் கிடந்த சரிவுகளைத்தான் அவர் கண்டார். கைத்தடியும் சட்டைப்பை நிறையத் தேக்கம் விதையுமாக அவர் நடப்பாராம். தடியால் நிலத்தைக் குத்தி, விதையைப் போட்டு, மிதித்துவிட்டுப் போவாராம். அங்கே போகும் எவருக்கும் இந்தக் கதையைச் சொல்லுவார்கள். கேட்க நல்ல கதைதான். ஆனால் கமக்காரருக்கு அதைவிடப் பயன் தருவது அவர் தறிப்பில் செய்த மாற்றம். மரத்தை வேரோடு கிளப்ப வேண்டாம், நிலத்தோடு ஒட்டத் தறித்து அடிக்கட்டையை உயிரோடு விடுங்கள் என்பதே அது. காட்டைப் பங்கு பங்காகப் பிரித்து, ஒரு பங்கைத் தறித்தால் அது மீண்டும் வளரும்வரை அதைத் தொடாமல் விட்டார்கள்.

அடிக்கட்டை ஏன் தளிர்க்கிறது? மரம் தறிபட்ட அன்றே வேர் செத்துவிடுவதில்லை. இலைகள் ஆண்டுக்கணக்காக ஆக்கிய உணவு வேரிலே மாப்பொருளாகச் சேர்ந்து கிடக்கிறது. பட்டைக்குக் கீழே உறங்கிக் கிடக்கும் அரும்புகள், மேலே முடி போனதும் விழித்துக் கொள்கின்றன. விதையிலிருந்து வரும் கன்று தன் வேரைத் தானே இறக்கித் தண்ணீரைத் தேடவேண்டும். கட்டைத் தளிருக்கோ பழைய வேர் ஆயத்தமாக இருக்கிறது. அதனால் தேக்கின் கட்டைத் தளிர் முதலாண்டிலேயே ஆளுயரத்தைத் தாண்டிவிடும். தேக்கங் கன்று நடுவதிலும் இதே சங்கதிதான். ஓராண்டுக் கன்றைக் கிளப்பி, தண்டில் ஓர் அங்குலமளவு விட்டு மிச்சத்தை வெட்டி, ஆணிவேரையும் ஒரு சாண் நீளத்துக்குக் குறைத்து, வெறும் குச்சியாகத்தான் நடுவார்கள்.

எங்கள் வளவு மரங்களிலே வேம்பு, பூவரசு, புளி, முருங்கை, சீமைக்கிளுவை எல்லாம் இந்தச் சாதி. பனையும் தென்னையும் வேறு. அவற்றுக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துத்தான். அது போனால் மரம் போயிற்று; அடியிலிருந்து எதுவும் வராது. யுத்த காலத்தில் பங்கருக்கும் காவலரணுக்கும் தறித்த எண்ணற்ற பனைகளின் இடத்தை நிரப்ப, பனங்கொட்டையைப் புதைத்து, வடலியைக் காத்து, பதினைந்து இருபது ஆண்டு பொறுப்பதைத் தவிர வழி இல்லை. பனை தறிக்க அனுமதி பெறவேண்டும் என்ற சட்டம் இருப்பதும் இதனால்தான். ஆகவே நெடுநாளின் பின் காணிக்குத் திரும்பும் குடும்பம், எந்தக் கட்டையை விடலாம், எதை அகற்றலாம் என்று முதலில் பிரித்துப் பார்க்கவேண்டும். டோசர் பிடித்து ஒரே நாளில் வழித்துவிட்டால், நாற்பது ஆண்டு வேரும் சேர்ந்து போய்விடும். (கண்ணிவெடி அகற்றியதாக உறுதி கிடைக்காத காணிக்குள் கட்டை பார்க்க என்று இறங்கவே கூடாது.)

கட்டையை விடுவதிலும் முறை உண்டு. மாரி தொடங்குமுன் தறிப்பது நல்லது. வெட்டுமுகம் சாய்வாக இருந்தால் தண்ணீர் தேங்காது. பட்டை கிழிந்தால் அரும்பு கெடும். கோடரி மழுங்கலாக இருக்கக் கூடாது. தளிர் கூட்டமாக வரும். ஓராண்டின் பின் பலமான ஒன்றையோ இரண்டையோ விட்டு மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டு ஆட்டை அவிழ்த்துவிட்டால் எல்லாம் வீண்.

டொப்சிலிப் 1976இல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள்ளும், 2007இல் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள்ளும் வந்தது. பழைய தேக்குத் தோப்புகளுக்குக் கீழே இப்போது மானும் காட்டெருமையும் மேய்கின்றன. சேத்துமடைச் சோதனைச் சாவடியைக் கடந்து, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போகவேண்டும். நினைத்த இடத்தில் இறங்கி நடக்க விடமாட்டார்கள். வனத்துறையின் வாகனத்தில்தான் காட்டுக்குள் போகலாம். கோழிகமுத்தி என்ற இடத்தில் யானை முகாம் உண்டு. முன்பு குற்றி இழுத்த யானைகளின் வேலை மாறிவிட்டது. இப்போது ஊருக்குள் வரும் காட்டு யானைகளை விரட்டவும் பிடிக்கவும் உதவுகின்றன. அங்கிருந்து கேரளப் பக்கத்துப் பறம்பிக்குளத்துக்கும் இதே பாதைதான். தறிப்புக் காலத்தில் தப்பிய கன்னிமாரா என்ற தேக்கு அங்கே நிற்கிறது. அதற்கு 400 வயதுக்கு மேல் என்கிறார்கள். நாலைந்து பேர் கைகோத்தால்தான் கட்டிப் பிடிக்கலாம். பறம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு மரம் இறக்கக் கொச்சி அரசு ஓட்டிய ட்ராம் பாதையும் இருந்தது. 1907 முதல் 1963 வரை அது ஓடியது. செங்குத்தான இடங்களில் பாரத்தோடு இறங்கும் பெட்டியே வெறும் பெட்டியைக் கயிற்றால் மேலே இழுத்துவிடும்.

வூட்டின் கல்லறை மவுண்ட் ஸ்ருவர்ட்டில் தேக்குகளின் நடுவே இருக்கிறது. அங்கேயே புதைக்கச் சொல்லியிருந்தாராம். நினைவுச் சின்னம் வேண்டுமானால் சுற்றிப் பார் என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஒன்று பொறித்திருக்கிறது. சுற்றிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். பெரும்பகுதி ஒரே இன மரம். முன்பிருந்த கலப்புக் காடு அப்படியே திரும்பி வந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. மரத்தைத் தறித்தவர்களும், யானையை நடத்தியவர்களும், வழி காட்டியவர்களும் காடர், மலசர் என்ற மலைவாசிகள். அவர்களுடைய பெயர்கள் அந்தக் கல்லில் இல்லை.

போகிறவர்கள் அவர்களுடைய நிலைமையையும் கேட்டறிய வேண்டும். ஆனைமலைக் காட்டுக்குள் கல்லார் என்ற குடியிருப்பில் இருந்த காடர் குடும்பங்கள் ஒரு பெருமழையில் நிலச்சரிவால் இடமிழந்து, தேயிலைத் தோட்டத்து லயன்களில் தங்கவேண்டி வந்தது. தாம் அறிந்த காட்டிலேயே, பாதுகாப்பான வேறொரு மேட்டில் குடியேற விடுங்கள் என்பது அவர்களுடைய கோரிக்கை. புலிகள் காப்பகம் என்று தடை வந்தது. இந்தியாவில் 2006இல் வந்த வன உரிமைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் விடாமல் கேட்டார்கள், உண்ணாவிரதமும் இருந்தார்கள். 2021இல் தெப்பக்குளமேட்டில் அந்தக் குடும்பங்களுக்குப் பட்டா கிடைத்தது.