பிள்ளைக்கான உப்பு, தாயின் சோற்றில்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போகிறவர்களுக்கு மரக்காணம் வந்துவிட்டது என்று சொல்ல மைல்கல் தேவையில்லை. சாலையை ஒட்டிப் பாத்தி பாத்தியாக உப்பளம், வரப்பு மேட்டில் ஓலையோ தார்ப்பாயோ போர்த்திய உப்புக் குவியல். இந்தக் கரையில் பிள்ளை பெறப்போகும் வீட்டுக்கு முதல் ஆயத்தம் எது என்று கேட்டால், தொட்டிலையும் துணியையும் சொல்லமாட்டேன். அடுக்களையில் இருக்கும் உப்புச் சாடியைத் திறந்து பார்க்கச் சொல்வேன்.

"கடல் தண்ணியில வெளஞ்சது. அதுல இல்லாத சத்தா பாக்கெட்டுல இருக்கப்போவுது?" என்று ஒரு மாமியார் கேட்டால், மருமகளால் பதில் சொல்ல முடியாது. நியாயமான கேள்விதான். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம். ஒரு கிலோ உப்புக்கு 28, 29 லிட்டர் தண்ணீர் வற்ற வேண்டும். அத்தனை தண்ணீரிலுள்ள அயோடினும் ஒரு துளி சிந்தாமல் உப்பிலேயே தங்கினாலும் கிலோவுக்கு 1.7 மில்லிகிராம்தான் தேறும். வீட்டுக்கு வரும் சாப்பாட்டு உப்பில் இருக்க வேண்டியதோ கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம். அந்த 1.7-ம் முழுசாகத் தங்குவதில்லை. உப்பு படிகமாகும்போது அயோடின் அதனோடு சேராமல், கடைசியில் வடித்துவிடும் கசப்புத் தண்ணீரிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கொஞ்சம் காற்றோடும் போகிறது. ஆக, கடலுக்குப் பக்கத்தில் குடியிருப்பதால் அயோடின் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை அளத்து உப்பைப் பொறுத்தவரை செல்லாது.

பாக்கெட் உப்பில் இருப்பது பொட்டாசியம் அயோடேட். அதைத் தண்ணீரில் கரைத்து உப்பின்மேல் தெளிக்கிறார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அயோடைடைவிட அயோடேட்டுதான் தாக்குப்பிடிக்கும் என்பதால் இந்தத் தேர்வு. தெளித்தது மேலேயே படிந்திருப்பதால், கல்லுப்பை அழுக்குப் போகக் கழுவிக் காயவைக்கும் சுத்தக்காரர்கள் காசு கொடுத்து வாங்கிய அயோடினையும் கழுவி ஊற்றுகிறார்கள். மூடாத சாடி, அடுப்போரத்து ஈரம் இரண்டும் இதே வேலையை மெதுவாகச் செய்யும்.

வயிற்றுப் பிள்ளைக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம்? அயோடின் இல்லாமல் தைராய்டு சுரப்பு இல்லை. தைராய்டு சுரப்பு இல்லாமல் மூளை வளர்ச்சி இல்லை. கருவின் தைராய்டு சுரப்பி வேலையைத் தொடங்கவே பத்து, பன்னிரண்டு வாரம் ஆகும். சொந்தக் காலில் நிற்க ஐந்தாம் மாதம் வரை பிடிக்கும். அதுவரை தாயின் சுரப்புதான். அதனால்தான் கர்ப்ப காலத்தில் தாயின் தைராய்டு வழக்கத்தைவிடப் பாதிக்குப் பாதி கூடுதலாகச் சுரக்க வேண்டியிருக்கிறது. மற்றப் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் போதும் என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 250 என்கிறது.

நாள் தள்ளிப்போயிருப்பதைக் கவனித்துப் பரிசோதனை செய்து உறுதியாவதற்குள் ஐந்தாறு வாரம் ஓடிவிடும். வளைகாப்பு நடப்பதோ ஏழாம் மாதம். ஏழு வகைச் சோறு கிண்டி ஊரையே கூட்டும்போது, கரு முழுக்க முழுக்கத் தாயை நம்பியிருந்த வாரங்கள் எப்போதோ கடந்திருக்கும். உப்பை மாற்றுவதென்றால் பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே மாற்ற வேண்டும்.

இதை நமக்கு நிரூபித்துக் காட்டியது இமயமலை அடிவாரம். 1956-இல் வி. ராமலிங்கசுவாமி குழு, காங்ரா பள்ளத்தாக்கைப் பகுதிகளாகப் பிரித்துச் சில இடங்களுக்கு அயோடின் சேர்த்த உப்பும் ஓரிடத்துக்கு வெறும் உப்பும் கொடுத்துப் பார்த்தது. அயோடின் போன இடங்களில் முன்கழுத்துக் கழலை சரசரவென்று குறைந்தது. 1962-இல் தேசியத் திட்டம் வந்தது அதன் பலன்தான். பிறகு அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கத் தடை, 2000-இல் தடை நீக்கம், 2006-இல் மறுபடி தடை என்று அரசாங்கம் இழுபறி செய்தது தனிக் கதை.

கழலை கண்ணுக்குத் தெரியும். லேசான பற்றாக்குறை தெரியாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் சுமார் ஆயிரம் தாய்மார்களின் கர்ப்பகாலச் சிறுநீரைப் பிற்பாடு சோதித்து, 2013-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அயோடின் குறைந்த தாய்மாரின் பிள்ளைகள் எட்டு வயதில் மொழித்திறனிலும் ஒன்பது வயதில் வாசிப்பிலும் பின்தங்கியிருந்தார்கள். அந்தத் தாய்மாருக்குக் கழுத்து வீங்கியிருக்கவில்லை. தமிழ்நாட்டு நிலவரம் பெருமைப்படும்படி இல்லை. 2018-19-இல் நாடு முழுக்க நடந்த அயோடின் கணக்கெடுப்பில் போதிய அளவு அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய வீடுகள் 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் கடைசி வரிசையில் இருந்தோம். உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்துப் பேசப்படும் மாநிலம் இது! விளைவதால்தான் இந்த நிலை என்றும் சொல்லலாம். தோல் பதனிடவும், கருவாடு போடவும், ஆலைகளுக்கும் அயோடின் சேர்க்காத உப்பு சட்டப்படியே போகிறது. அளத்துக்கும் அடுக்களைக்கும் தூரம் குறையக் குறைய அந்த உப்பு வழிமாறுவதும் எளிது.

சந்தேகமிருந்தால் கிராம சுகாதார செவிலியரைக் கேட்கலாம். உப்பைச் சோதிக்கும் சொட்டு மருந்துப் புட்டி உண்டு. ஒரு சொட்டு விட்டால் அயோடின் உள்ள உப்பு நீலம் பாரிக்கும், இல்லாதது வெள்ளையாகவே இருக்கும். ஒரு எச்சரிக்கை: உப்பை மாற்றச் சொல்கிறேனே தவிரக் கூட்டச் சொல்லவில்லை. வங்கதேசக் கடலோரத்தில் நிலத்தடி நீரே உவர்த்துப்போன ஊர்களில், குடிநீர் உப்பேற உப்பேறக் கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தமும் ஏறியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கடற்கரை ஊரில் கர்ப்பிணி குடிக்கும் தண்ணீர் கரிக்கிறதா என்பதும் வீட்டார் கவனிக்க வேண்டிய விஷயம்.

உப்பைச் சாப்பிடும் கதை இது. உப்பை வாரும் கதை இதைவிடக் கடினமானது. ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கி வடகிழக்கு மழை இறங்கும்வரை அளத்தில் வேலை. கத்திரி வெயில்தான் உச்சம். மேலே சூரியன், கீழே வெள்ளை உப்பு திருப்பியடிக்கும் கூச்சம், தலையில் சுமை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு 2017 முதல் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தது. வயல், செங்கல் சூளை, உப்பளம் போன்ற இடங்களில் வேலை பார்த்தவர்களும் அதில் அடக்கம். 2024-இல் வெளியான முடிவு: கடும் வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கரு கலையவும் குழந்தை இறந்து பிறக்கவும் இரு மடங்கு வாய்ப்பு. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திரும்பும்போது நஞ்சுக்கொடிக்குப் போகும் பங்கு குறைகிறது. வியர்த்து வற்றிய உடம்பில் ரத்தமும் கெட்டிப்படுகிறது. "விடிகாலையிலேயே இறங்கி வெயிலுக்கு முன்னாடி ஏறிடு தாயி" என்று சொல்ல நம்மால் முடியும். நிழல் கூரையும் கழிப்பறையும் இல்லாத இடத்தில், ஒதுங்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்ணுக்கு அந்த அறிவுரையால் என்ன பயன்? இதைப் படிக்க வேண்டியவர்கள் கர்ப்பிணிகளைவிடக் குத்தகைதாரர்கள்தான்.

பிள்ளை பிறந்த பிறகு கேட்டு வாங்க வேண்டியது குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம். பிறந்து இரண்டு நாள் கழித்து, மூன்று நான்கு நாளுக்குள் அதை எடுத்துத் தைராய்டு தூண்டு சுரப்பை அளக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வில் 1,130 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவியிலேயே தைராய்டு குறைபாடு தெரிந்தது. தென்னிந்தியாவில் இது இன்னும் அதிகம். சுரப்பியே உருவாகாமல் போவது போன்ற காரணங்களால் வருவது என்பதால், தாய் சரியான உப்பைச் சாப்பிட்டிருந்தாலும் இது வரலாம். பிறந்த உடன் அடையாளம் தெரியாது. மஞ்சள் காமாலை இழுத்துக்கொண்டே போகும், மலம் சிக்கும், அழுகை கரகரக்கும், பிள்ளை பாலுக்குக்கூட எழாமல் தூங்கும். "அழுது படுத்தாத சமர்த்து" என்று பாட்டிகள் மெச்சும் பிள்ளைகளில் ஒன்றிரண்டு இந்த வகையாக இருந்துவிடுவதுதான் சங்கடம். இரண்டு வாரத்துக்குள் தினம் ஒரு சின்ன மாத்திரையைத் தாய்ப்பாலில் பொடித்துக் கொடுக்கத் தொடங்கினால், அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும்.

அதிகமும் ஆபத்து. தொப்புள்கொடிப் புண் ஆறட்டும் என்று பழுப்பு நிற அயோடின் மருந்தைத் தினம் தடவினால், மெல்லிய தோல் வழியே அது உள்ளே போய்ப் பச்சிளம் குழந்தையின் தைராய்டை முடக்கிவிடும். தொப்புளுக்கு ஒன்றும் போடாமல் காயவிடுவதே மருந்து. சாம்பலுக்கும் மஞ்சளுக்கும் அங்கே வேலையில்லை.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தாய் சாப்பிடும் அயோடின் பாலில் இறங்கிவிடும். பிள்ளைக்கு வேண்டிய சோடியமும் அதிலேயே உண்டு. ஆறு மாதத்தில் சோறு ஊட்டத் தொடங்கும்போதுதான் வீட்டில் வாக்குவாதம் வரும். பருப்புச் சோற்றைப் பிசைந்து, நாக்கில் வைத்துப் பார்த்து, "சப்புனு இருக்கே, எப்புடிடி உள்ள எறங்கும்?" என்று ஒரு கல் உப்பைப் போடாத ஆயா அபூர்வம். சப்பென்று இருப்பது ஆயாவின் நாக்குக்குத்தான். உப்பு என்ற ருசியையே அறியாத பிள்ளைக்கு அது குறையாகத் தோன்றாது. பச்சிளம் சிறுநீரகத்தால் மிகையான உப்பை வெளியேற்ற முடியாது. முழுத் திறன் வர ஒரு வயதுக்கு மேல் ஆகும். அதுவரை குழந்தைச் சோற்றில் உப்பும் சர்க்கரையும் வேண்டாம் என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. வீட்டுப் பருப்பில் உப்புப் போடுமுன் ஒரு கரண்டி தனியே எடுத்து வைத்தால் சண்டை மிச்சம்.

உப்பு பச்சிளம் குழந்தையை என்ன செய்யும் என்பதற்கு 1962-இல் அமெரிக்காவின் பிங்ஹாம்டன் நகரில் நடந்தது சாட்சி. மருத்துவமனையில் குழந்தைகளுக்குப் பால் கலக்கும்போது சர்க்கரை என்று நினைத்து உப்பைப் போட்டுவிட்டார்கள்; ஆறு குழந்தைகள் இறந்தன. பிறந்த பிள்ளைக்கு உப்புத் தடவும் வழக்கம் பழைய உலகில் இருந்தது. பைபிளில் எசேக்கியேல் ஆகமத்தில்கூட அதன் குறிப்பு உண்டு. துருக்கியில் அண்மைக்காலம்வரை அப்படித் தடவிய உப்பால் குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். நம்மூரில் உப்பும் மிளகாயும் கையில் மூடிச் சுற்றிப்போடுவதோடு சரி. அதனால் கெடுதல் இல்லை, மிளகாயை மட்டும் தொட்டிலுக்குத் தள்ளி, வெளியில் போய் எரித்தால் போதும்.

வயிற்றுப்போக்கு வந்தால் உப்புக் கரைசல் தேவைப்படும். அப்போதும் கைக்கணக்கு கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு அளந்து வைத்திருக்கிறார்கள். முழுப் பொட்டலத்தை முழு லிட்டரில்தான் கலக்க வேண்டும். அரை டம்ளரில் கலக்கினால் மருந்தே உபத்திரவமாகிவிடும். தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது.

கடலிலிருந்து அயோடின் பிள்ளைக்கு வர வேறொரு வழி இருக்கிறது. கடல்நீரில் சிதறிக் கிடக்கும் அயோடினைப் பாசிகள் உறிஞ்சித் திரட்டும். அவற்றைத் தின்னும் உயிர்கள் வழியாக அது மீனுக்கு வரும். மரக்காணம் கரையில் பச்சை மீனுக்குப் பஞ்சமில்லை. ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கு முள்ளைத் தடவித் தடவிப் பார்த்து நீக்கி, உப்பு காரமில்லாமல் வேகவைத்து மசித்துச் சோற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். கருவாடு வேண்டாம், அதில் அள்ளிப் போட்டிருப்பது அயோடின் சேராத அதே அளத்து உப்பு.