திரையில் சமிக்ஞை உண்டு, தொடர்பு ஏன் இல்லை?

கையடக்கத் தொலைபேசிக் கோபுரம் மேம்படுத்தப்படுவதாகவும் அதனால் சேவையில் தற்காலிகத் தடங்கல் ஏற்படலாம் எனவும் குறுஞ்செய்தியொன்று வந்து சேர்கின்றது. ஓரிரு நாட்களில் எல்லாம் சீராகிவிடும் என எண்ணியிருக்கும் பாவனையாளர், வாரங்கள் கடந்த பின்னரும் அழைப்புகள் இடைநடுவில் துண்டிக்கப்படுவதையும், சமிக்ஞைக் கோடுகள் நிறைந்திருக்கையிலேயே படமொன்றைக்கூட அனுப்ப முடியாதிருப்பதையும் காண்கின்றார். இறக்காமத்திலும் வரிப்பத்தான்சேனை போன்ற அயற்கிராமங்களிலும் வாழ்வோருக்கு இது புதிய அனுபவமன்று. மேம்பாடு என்ற பெயரில் இருந்ததும் கெட்டுவிட்டதே என்ற ஆதங்கத்தை நாம் பல தடவை கேட்டிருக்கின்றோம். அதில் நியாயம் உண்டு. எனினும் கோபுரத்தில் உண்மையில் நடப்பது என்னவென்று விளங்கிக்கொண்டால்தான், எதனைப் பொறுத்துக்கொள்வது, எதனைத் தட்டிக்கேட்பது என்ற தெளிவு பிறக்கும்.

அலைவரிசை என்பது ஏறக்குறைய வயற்காணியைப் போன்றது. அதன் பரப்பு வரையறுக்கப்பட்டது. நினைத்தவாறு பெருக்கிக்கொள்ள முடியாது. இலங்கையில் மூன்றாம் தலைமுறைச் சேவை 2006 இலும் நான்காம் தலைமுறைச் சேவை 2013 இலும் வர்த்தக ரீதியில் அறிமுகமாகின. புதிய தலைமுறைக்கு இடமளிப்பதற்காக, பழைய தலைமுறை பயன்படுத்திவந்த அலைவரிசையில் ஒரு பகுதியை நிறுவனங்கள் விடுவித்துக்கொள்கின்றன. முந்திய போகத்தின் அறுவடை முடியுமுன்னரே அதே வயலின் ஒரு மூலையில் அடுத்த போகத்தை விதைப்பதற்கு ஒப்பானது இது. இடைக்காலத்தில் இரு பயிர்களுக்குமே இடம் போதாது.

இதனைக் கணக்கிட்டும் காட்டலாம். நான்காம் தலைமுறைக்கு 5 மெகாஹேர்ட்ஸ் அகலம் ஒதுக்கப்பட்டால், வழமையான இரட்டை அன்டனா அமைப்பில் கிடைக்கக்கூடிய உச்ச வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 37 மெகாபிட். 20 மெகாஹேர்ட்ஸ் ஒதுக்கப்பட்டால் அது 150 மெகாபிட் ஆகின்றது. இவ்வேகம் தனியொருவருக்குரியதன்று, கோபுரத்தின் ஒரு பக்கத்தை நோக்கியிருக்கும் பாவனையாளர் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டியது. ஐம்பது பேர் ஒரே வேளையில் காணொளி பார்த்தால் ஒவ்வொருவருக்கும் எஞ்சுவது எவ்வளவு என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம். திரையிலுள்ள கோடுகள் அலையின் வலிமையைக் காட்டுவனவேயன்றி நெரிசலைக் காட்டுவனவல்ல.

அலைவரிசைகளின் இயல்பும் ஒன்றுபோல் இருப்பதில்லை. 900 மெகாஹேர்ட்ஸ் அலை நெடுந்தொலைவு செல்லும். சுவரையும் ஓரளவு ஊடுருவும். 1800, 2100 மெகாஹேர்ட்ஸ் அலைகள் அத்துணை தூரம் செல்லா. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய கரையோரப் பட்டினங்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. அங்கு கோபுரம் தூரத்தில் இல்லை, சனநெருக்கமே பிரச்சினை. உட்புறமாக அமைந்த இறக்காமத்தின் நிலைமை வேறு. குளமும் வயல்வெளியும் பரந்து கிடக்க, குடியிருப்புகள் ஆங்காங்கே சிதறியுள்ளன. ஒரே கோபுரம் தொலைவிலுள்ள வளவுகளையும் எட்ட வேண்டியிருக்கின்றது. நெருக்கமான பட்டினத்துக்கு ஏற்ற திட்டத்தை அப்படியே இங்கு கொண்டுவந்தால், கோபுரத்தை அண்டியவர் மகிழ, வயலோரத்தில் இருப்பவர் முன்பு கிடைத்ததையும் இழப்பார். கல்முனைக்கும் இறக்காமத்துக்கும் ஒரே மருந்து பொருந்தாது என்பதே எமது கருத்து.

மூன்றாம் தலைமுறைக்கு மற்றுமொரு குணம் உண்டு. பாவனையாளர் தொகை கூடும்போது கோபுரத்தின் எல்லை தானாகவே சுருங்கும், குறையும்போது விரியும். பகலில் கிடைக்கும் தொடர்பு இரவில் கிடைக்காமற்போவதற்கு இதுவும் ஒரு காரணம். எமது பிரதேசத்தில் இரவு நேர நெரிசலுக்கு வேறொரு பின்னணியும் இருக்கின்றது. சவூதி அரேபியாவும் கட்டாரும் எம்மைவிட இரண்டரை மணித்தியாலம் பின்தங்கியவை. அங்கு வேலை முடித்து எட்டு மணிக்கு ஒருவர் வீட்டுக்கு அழைக்கும்போது இங்கு இரவு பத்தரை. தந்தையின் முகத்தைத் திரையில் காணப் பிள்ளைகள் விழித்திருக்கும் அந்நேரத்தில் வேகம் எவ்வாறு உள்ளது என்பதே உண்மையான அளவீடு. நண்பகலில் வீதியால் வாகனமோட்டி எடுக்கப்படும் அளவீடு இதனை ஒருபோதும் காட்டாது.

கோபுரத்தில் புதிய கருவி பொருத்தினால் மாத்திரம் போதுமா? போதாது. கோபுரத்தைப் பிரதான வலையமைப்புடன் இணைக்கும் வழி ஒடுங்கியதாயின் புதிய கருவியால் பயனில்லை. தீவுகளின் அனுபவம் இதற்குச் சான்று. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீற்றர் நீளக் கடலடிக் கேபிள் 2020 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இலட்சத்தீவுக்குக் கொச்சியிலிருந்தான கேபிள் 2024 ஜனவரியில் வந்தது. அதுவரை அத்தீவுகள் செய்மதியின் குறுகிய கொள்ளளவையே பெரிதும் நம்பியிருந்தன. கோபுரம் இருந்தது, வழி இருக்கவில்லை. எமது கிராமங்களுக்குக் கடல் குறுக்கிடவில்லை. ஆயினும் நுண்ணலை இணைப்பில் தங்கியுள்ள எந்தக் கோபுரத்துக்கும் இதே கேள்வி பொருந்தும்: ஒளியிழைக் கேபிள் அங்குவரை வந்திருக்கின்றதா?

நிறுவனங்களின் இணைப்பும் ஒருவகை மேம்பாடாகவே பாவனையாளரை வந்தடைகின்றது. 2018 இல் ஹட்ச், எடிசலாட் ஆகியவற்றின் இலங்கைக் கிளைகள் ஒன்றாகின. 2024 இல் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்தது. இவ்வாறு இரு வலையமைப்புகள் ஒன்றாகும்போது, அருகருகே நிற்கும் கோபுரங்களில் ஒன்று தேவையற்றதாகின்றது. அலைவரிசைகள் ஒன்றுசேர்வதால் கொள்ளளவு கூடவும் இடமுண்டு. ஆனால் ஒன்று சரியில்லையேல் மற்றொன்று என்று இரு சிம் அட்டை வைத்திருந்தவர், இரண்டும் ஒரே கோபுரத்தையே நாடுவதைப் பின்னர்தான் அறிகின்றார்.

வேகத்தைவிட எம்மை அதிகம் கவலைகொள்ளச் செய்வது அழைப்பு. பழைய கருவிகள் பலவற்றில் நான்காம் தலைமுறை வழியே இணையம் மாத்திரமே இயங்கும். குரல் அழைப்பு வரும்போது அவை மூன்றாம் அல்லது இரண்டாம் தலைமுறைக்கு இறங்கிக்கொள்கின்றன. இறங்குவதற்கு அங்கு எதுவும் இல்லாவிடின் அழைப்பே இல்லை. அவுஸ்திரேலியாவில் 2024 ஒக்டோபர் 28 ஆம் திகதி மூன்றாம் தலைமுறைச் சேவை நிறுத்தப்படுவதற்கு முன்னர் இது பெரும் விவாதமாயிற்று. சாதாரண அழைப்பை நான்காம் தலைமுறையில் எடுக்கும் சில கருவிகள், அவசர அழைப்புக்கு மட்டும் மூன்றாம் தலைமுறையையே நாடுவது தெரியவந்தது. திகதி பிற்போடப்பட்டது; எந்தெந்தக் கருவிகள் பாதிக்கப்படும் என்பதும் பாவனையாளருக்கு அறிவிக்கப்பட்டது.

எமது வயல்களில் பொத்தான் தொலைபேசியை மடியில் செருகிக்கொண்டு காவல் நிற்போர் இன்றும் உள்ளனர். மாரி மழையில் அம்பாறை மாவட்டத்து வீதிகள் நீரில் மூழ்குவது வருடாந்த நிகழ்வு. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டு மத்ரஸா மாணவர்கள் உயிரிழந்த துயரம் இன்னும் ஆறவில்லை. இத்தகைய பிரதேசத்தில் 1990 அம்பியூலன்ஸ் சேவையையோ பொலிஸாரையோ அழைக்கும் வாய்ப்பு ஒரு மணித்தியாலமேனும் அற்றுப்போவதை 'தற்காலிகத் தடங்கல்' என்று கூறிக் கடந்துசெல்ல முடியாது. மின்சாரம் தடைப்பட்டால் கோபுரத்தின் மின்கலங்கள் எத்தனை மணித்தியாலம் தாங்கும் என்பதும் மேம்பாட்டின் ஒரு பகுதியே.

நாடு முழுவதும் நான்காம் தலைமுறைச் சேவையைக் கொண்டுசெல்லும் நோக்கில், தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் திட்டமொன்று 2021 இல் இரத்தினபுரி மாவட்டத்தில் ஆரம்பமானது. வரைபடத்தில் நிறந்தீட்டப்பட்ட இடமெல்லாம் வீட்டின் உள்ளறையிலும் தொடர்பு கிடைக்கும் இடமாகிவிடாது என்பதை ஆணைக்குழு கருத்திற்கொள்ள வேண்டும். கோபுரப் பணி எப்போது தொடங்கி எப்போது முடியும், எந்தக் கிராமங்கள் பாதிக்கப்படும், அதுவரை மாற்று ஏற்பாடு என்ன என்பவற்றைத் தமிழில் முன்கூட்டியே அறிவிப்பதை நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கலாம். பணி நடைபெறும் காலத்தில் அயற்கோபுரமொன்றேனும் இயங்க வேண்டும் என நிபந்தனை விதிக்கலாம். பாவனையாளரும் துண்டிக்கப்பட்ட நேரத்தையும் இடத்தையும் குறித்துவைத்து, முதலில் நிறுவனத்திடமும் பயனில்லையேல் ஆணைக்குழுவின் 1900 இலக்கத்திலும் முறையிட வேண்டும். 'கவரேஜ் இல்லை' என்று பொதுவாகச் சொல்வதைவிட, குளக்கட்டின் எந்தப் பக்கத்தில், இரவு எத்தனை மணிக்கு என்று சொல்லும் முறைப்பாட்டைத் தட்டிக்கழிப்பது கடினம்.